ஃபோன் சந்தை அறிக்கையைப் படிப்பது எப்படி: டர்பனில் கடை வைத்திருப்பவர்களுக்கு

ஃபோன் சந்தை பற்றி எந்த அறிக்கை கையில் கிடைத்தாலும் முதலில் அதன் கடைசிப் பக்கத்துக்குப் போய்விடுங்கள். முன்பக்கத்தில் பெரிய எழுத்தில் போட்டிருக்கும் சதவீதம் எங்கேயும் ஓடிவிடாது, அதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். எதை எண்ணினார்கள், எந்தத் தேதி வரைக்கும் எண்ணினார்கள், அந்தக் கணக்கை அவர்களுக்குக் கொடுத்தது யார் என்பதெல்லாம் கடைசியில் பொடி எழுத்தில்தான் இருக்கும். அந்தப் பொடி எழுத்தைப் படிக்காதவரை முன்பக்கத்து எண்ணுக்கு ஒரு பொருளும் கிடையாது.

சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், வெருலம், டோங்காட் பக்கமெல்லாம் நம் ஆட்கள் ஃபோன் கடை, ரிப்பேர் கடை, ஏர்டைம் விற்பனை என்று பல பேர் வைத்திருக்கிறோம். பெரிய கடைத்தொடர்களுக்கு அறிக்கை படிப்பதற்கென்றே சம்பளத்துக்கு ஆள் உண்டு. நமக்கு மொத்த வியாபாரி வாயால் சொல்வதுதான் அறிக்கை, அவருக்கோ குடோனில் தேங்கிக் கிடக்கிற மாடலை முதலில் தள்ளியாக வேண்டும். 'இந்த பிராண்டு ஆப்பிரிக்காவிலேயே நம்பர் ஒன், எண்ணெய் மாதிரி ஓடுது' என்று அவர் சொல்வது பொய்யாகவே இருக்காது, ஆனாலும் உங்கள் தெருவில் அது ஓடாமல் போகலாம். சின்னக் கடையில் இரண்டு பெட்டி ஃபோன் விற்காமல் நின்றாலே அந்த மாத வாடகை இடிக்கும். அதனால்தான் இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். காசு கொடுத்து எதையும் வாங்கச் சொல்லப் போவதில்லை, இலவசமாகக் கிடைப்பதே நமக்குப் போதும்.

எண்ணியது எதை?

ஐடிசி, கேனலிஸ் (இப்போது ஓம்டியா), கவுண்டர்பாயிண்ட் மாதிரி ஆய்வு நிறுவனங்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை உலக ஃபோன் சந்தைக் கணக்கை வெளியிடுகின்றன. முழு அறிக்கை ஆயிரக்கணக்கான டாலர் விலை. அதன் சுருக்கம் மட்டும் பத்திரிகைச் செய்தியாக இலவசமாக வரும். அதில் பெரும்பாலும் எண்ணப்படுவது ஷிப்மென்ட். அதாவது கம்பெனி தன் கையிலிருந்து விநியோகஸ்தருக்கோ கடைத்தொடருக்கோ அனுப்பிய ஃபோன். யாராவது காசு கொடுத்து வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்களா என்பது வேறு கணக்கு. ஒரு கம்பெனி மார்ச் கடைசி வாரத்தில் சரக்கை விநியோகஸ்தர் தலையில் கட்டிவிட்டால் அந்தக் காலாண்டில் அதன் பங்கு ஏறித்தான் தெரியும். அடுத்த காலாண்டில் அதே சரக்கு விற்காமல் நின்றால் புது சரக்கு போகாது, பங்கு சரியும். இந்த ஏற்ற இறக்கத்துக்கும் வாங்குகிறவர் மனசுக்கும் சம்பந்தமே இல்லாமல் இருக்கலாம்.

ஆகவே ஒரு காலாண்டில் ஒரு பிராண்டு திடீரென்று எகிறியிருந்தால் அவசரப்படாதீர்கள். இரண்டு மூன்று காலாண்டுகளைத் தொடர்ந்து பாருங்கள். ஆப்பிளின் விஷயத்தில் இன்னொன்று: எத்தனை ஐஃபோன் விற்றது என்று சொல்வதை அந்தக் கம்பெனி 2018 கடைசியிலேயே நிறுத்திவிட்டது. அதற்குப் பிறகு நீங்கள் பார்க்கிற ஐஃபோன் எண்ணிக்கை எல்லாமே ஆய்வு நிறுவனங்களின் மதிப்பீடு. இரண்டு நிறுவனங்கள் ஒரே காலாண்டுக்கு இரண்டு எண் சொன்னால் யாராவது பொய் சொல்கிறார்கள் என்று பொருள் இல்லை, இருவரும் வேறு வேறு வழியில் கணித்திருக்கிறார்கள். ஒரு நிறுவனத்தின் எண்ணை அதே நிறுவனத்தின் பழைய எண்ணோடு மட்டும் ஒப்பிடுங்கள்.

ஸ்டாட்கவுண்டர் தளத்தில் தென்னாப்பிரிக்காவுக்கென்றே தனிப்பக்கம் இருக்கிறது, மாதாமாதம் புதுப்பிக்கிறார்கள். அவர்கள் எண்ணுவது இணையப் பக்கம் திறக்கப்பட்ட தடவைகளை. எந்த பிராண்டு ஃபோனிலிருந்து எத்தனை பக்கம் திறந்தார்கள் என்பதுதான் அந்தச் சதவீதம். வாட்ஸ்அப்பிலேயே பொழுதைக் கழிக்கிறவர் அதில் வரவே மாட்டார். அதனால் அது கடையில் விற்பனையைக் காட்டாது, ஊரில் மக்கள் கையில் இப்போது இருக்கிற ஃபோன்களை ஓரளவு காட்டும். 2019 மே மாதம் அமெரிக்கா ஹுவாவே மீது தடை போட்ட பிறகு இங்கே புது ஹுவாவே விற்பனை படுத்துவிட்டது. ஆனால் அந்தப் பக்கத்தில் ஹுவாவே பல வருஷம் கண்ணுக்குத் தெரிகிற பங்கோடு நின்றது, ஏனென்றால் பழைய ஃபோன்கள் இன்னும் ஓடிக்கொண்டிருந்தன. ரிப்பேர் கடைக்காரருக்கு இது தங்கமான தகவல். புது ஃபோன் எடுக்க ஷிப்மென்ட் கணக்கைப் பாருங்கள். டிஸ்ப்ளே, பேட்டரி, கவர், சார்ஜிங் போர்ட் எடுக்க ஸ்டாட்கவுண்டரைப் பாருங்கள். இந்த இரண்டையும் மாற்றிப் பார்த்தால் ஷெல்ஃப் முழுக்கத் தவறான சாமான் சேரும்.

சிம் வேறு, ஆள் வேறு

இதுதான் தென்னாப்பிரிக்க அறிக்கைகளில் எல்லாரும் தடுக்கி விழுகிற இடம், அதனால் இங்கே கொஞ்சம் நின்று பார்ப்போம்.

தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான ஐக்காசா ஆண்டுதோறும் துறையின் நிலை பற்றி ஓர் அறிக்கை வெளியிடுகிறது. 2020-இல் வந்த அறிக்கையில் 2019-க்கான ஸ்மார்ட்ஃபோன் பரவல் 91.2 சதவீதம் என்று இருந்தது, அதற்கு முந்தைய ஆண்டு 81.7 சதவீதம். செய்திகளில் இது 'பத்தில் ஒன்பது தென்னாப்பிரிக்கரிடம் ஸ்மார்ட்ஃபோன்' என்கிற மாதிரி பரவியது. அப்படியென்றால் இனி முதல் ஸ்மார்ட்ஃபோன் வாங்க ஆளே இல்லை, பழசை மாற்றுகிறவர்கள் மட்டும்தான் மிச்சம் என்று ஒரு கடைக்காரர் முடிவு கட்டியிருக்கலாம்.

இப்போது அந்த எண்ணைப் பிரித்துப் பாருங்கள். மேலே இருப்பது ஸ்மார்ட்ஃபோன் இணைப்புகளின் எண்ணிக்கை, சுமார் 5 கோடியே 34 லட்சம். கீழே இருப்பது நாட்டின் மொத்த மக்கள்தொகை, 6 கோடிக்குக் கொஞ்சம் குறைவு. மேலே இருப்பது இணைப்பு, ஆள் இல்லை. கீழே இருப்பதில் கைக்குழந்தையும் சேர்த்தி. ஒருவரிடம் இரண்டு இணைப்பு இருந்தால் மேலே இரண்டு தடவை வருவார், ஒன்றும் இல்லாதவர் வரவே மாட்டார். வகுத்தால் 91 வரும், ஆனால் நூற்றில் 91 பேர் கையில் ஸ்மார்ட்ஃபோன் இருக்கிறது என்று அது சொல்லவில்லை. கணக்கு கேள்வித்தாள் மூலம் கம்பெனிகளிடமிருந்து வாங்கப்படுகிறது, அதுவும் செப்டம்பர் 30 நிலவரம். அறிக்கை நம் கைக்கு வரும்போது அதற்கு ஆறு மாத வயசு ஆகியிருக்கும்.

சிம் இங்கே எப்படிப் பெருகுகிறது என்பதைக் கவுண்டரில் நின்றாலே பார்க்கலாம். ஓர் ஆயா பர்ஸைத் திறந்தால் உள்ளே மூன்று சிம் இருக்கும். பேரப்பிள்ளைகளும் சர்ச்சும் கோயிலும் வைத்திருக்கிற பழைய நம்பர் ஒன்று, டேட்டா மலிவு என்று வாங்கியது ஒன்று, பாங்கில் கொடுத்தது ஒன்று. எஃப்என்பி பாங்கு 2015-லும் கேப்பிடெக் பாங்கு 2022-லும் தங்கள் பெயரில் சிம் விற்க ஆரம்பித்தபிறகு இந்த மூன்றாவது சிம் சாதாரணமாகிவிட்டது. மக்கள்தொகை 2022 கணக்கெடுப்பில் 6 கோடியே 20 லட்சம். செல் இணைப்புகளோ 10 கோடியைத் தாண்டிவிட்டன. அதனால் 'பரவல் 160 சதவீதம்' என்று எங்கேயாவது படித்தால் மலைக்க வேண்டாம், சிம்களை ஆட்களால் வகுத்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

சரி, ஆட்களை எண்ணுவது யார்? செல் கம்பெனிகளின் உலகச் சங்கமான ஜிஎஸ்எம்ஏ 'தனிப்பட்ட சந்தாதாரர்' என்று ஒரு கணக்கு வைத்திருக்கிறது, ஒருவர் எத்தனை சிம் வைத்திருந்தாலும் ஒன்றுதான். புள்ளியியல் துறையான ஸ்டாட்ஸ் எஸ்ஏ வருடந்தோறும் நடத்தும் வீட்டு ஆய்வு வீடுகளை எண்ணுகிறது. செல் கம்பெனிகளான வோடகாமும் எம்டிஎன்னும் தங்கள் நிதி முடிவுகளில் சொல்லும் வாடிக்கையாளர் எண்ணிக்கை, கடைசி மூன்று மாதத்தில் ஏதாவது ஒரு சேவையைப் பயன்படுத்திய இணைப்புகள். ஆள், வீடு, இணைப்பு என்று மூன்று அளவுகோல். ஒன்றின் சதவீதத்தை இன்னொன்றின் மேல் வைத்துப் பேசுகிற கட்டுரையைப் பார்த்தால் அங்கேயே மூடிவிடுங்கள்.

கூடவே ப்ரீபெய்டையும் கான்ட்ராக்டையும் தனித்தனியாகப் பாருங்கள். இணைப்புகளில் மிகப் பெரும்பான்மை ப்ரீபெய்டு. ஆனால் ஓர் இணைப்பிலிருந்து கம்பெனிக்கு மாதம் வருகிற சராசரி வருமானம், ஆர்ப்பு என்பார்களே அது, கான்ட்ராக்டில் ப்ரீபெய்டைப்போலப் பல மடங்கு. இரண்டையும் கலந்து சொல்லும் சராசரி நம் கடைக்கு வருகிற எந்த வாடிக்கையாளரையும் காட்டாது.

எதோடு ஒப்பிடுகிறார்கள்?

வளர்ச்சி என்று சொன்னால் எதிலிருந்து வளர்ச்சி என்று கேளுங்கள். ஐடிசி கணக்கில் 2024-இல் உலக ஸ்மார்ட்ஃபோன் ஷிப்மென்ட் 6.4 சதவீதம் வளர்ந்து சுமார் 124 கோடி ஆனது. நல்ல செய்திதான். ஆனால் அதற்கு முந்தைய 2023 பத்து வருஷத்திலேயே மிகக் குறைந்த ஆண்டு, 117 கோடி. 2017-இல் அதே ஐடிசி கணக்கு 147 கோடி. அந்த உயரத்துக்கு 2024-இல் இன்னும் 23 கோடி பாக்கி. மூன்று எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதினால்தான் உண்மையான படம் வரும்: மக்கள் ஃபோனை முன்னைவிட அதிக நாள் வைத்துக்கொள்கிறார்கள். ரிப்பேருக்கும் பழைய ஃபோன் வியாபாரத்துக்கும் அது சாதகம்.

நம் ஊர் உதாரணம் வேண்டுமென்றால் பவர் பேங்க். 2023-இல் மின் நிறுவனமான எஸ்காமின் லோட்ஷெடிங், அதாவது முறைவைத்து மின்வெட்டு, உச்சத்தில் இருந்தது, பவர் பேங்க் பறந்தது. 2024 மார்ச் கடைசியிலிருந்து அந்த ஆண்டு முடியும்வரை லோட்ஷெடிங் இல்லை. 2024 விற்பனையை 2023-உடன் மட்டும் வைத்துப் பார்க்கிறவர் அந்தச் சாமானே செத்துவிட்டது என்பார். அந்த உச்சத்துக்கு முந்தைய 2019-உடன் வைத்துப் பார்ப்பவர்தான் சரியான அளவுக்கு ஆர்டர் போடுவார்.

மாதங்களையும் கவனியுங்கள். நவம்பரில் பிளாக் ஃப்ரைடே, டிசம்பரில் போனஸ், ஜனவரியில் பள்ளிச் செலவு. அக்டோபர்-டிசம்பரை ஜூலை-செப்டம்பருடன் ஒப்பிட்டால் எல்லா பிராண்டும் வளர்ந்த மாதிரிதான் தெரியும். போன ஆண்டு அதே காலாண்டோடு ஒப்பிட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். காலாண்டுக்கு வைக்கிற பெயரும் ஏமாற்றும்: வோடகாமின் நிதியாண்டு மார்ச் 31-இல் முடிகிறது, அதனால் அவர்களுடைய மூன்றாம் காலாண்டு என்பது அக்டோபர்-டிசம்பர். ஆப்பிளுக்கு அதே மூன்று மாதம் முதல் காலாண்டு. எம்டிஎன்னுக்கு நாலாவது. பெயரை விட்டுவிட்டு மாதத்தைப் பாருங்கள்.

2020 ஏப்ரல்-ஜூன் இதற்கெல்லாம் நல்ல பாடம். அந்தக் காலாண்டில் கேனலிஸ் கணக்குப்படி ஹுவாவே 5.58 கோடி ஃபோன் அனுப்பி, 5.37 கோடி அனுப்பிய சாம்சங்கைத் தாண்டி உலகில் முதலிடம் பிடித்தது. தலைப்பைப் பார்த்தால் தடை போட்டும் ஹுவாவே ஜெயித்துவிட்டது என்று தோன்றும். உள்ளே படித்தால் அதில் 70 சதவீதத்துக்கு மேல் சீனாவுக்குள்ளேயே போனது. சீனா பொதுமுடக்கத்திலிருந்து வெளியே வந்திருந்தது, சாம்சங் விற்கிற நாடுகள் பூட்டிக் கிடந்தன. டர்பனில் கடை வைத்திருப்பவருக்கு அந்த முதலிடத்தால் ஒரு பயனும் இல்லை, பிறகு அது நிலைக்கவும் இல்லை.

ஆப்பிரிக்காவுக்கும் அதேதான். டெக்னோ, ஐடெல், இன்ஃபினிக்ஸ் மூன்றும் டிரான்ஷன் என்ற ஒரே ஷென்ஜென் கம்பெனியின் பிராண்டுகள். ஆப்பிரிக்க ஸ்மார்ட்ஃபோன் ஷிப்மென்டில் ஏறக்குறைய பாதி அவர்களுடையது. ஆனால் அந்தப் பாதியில் நைஜீரியா, கென்யா மாதிரி நாடுகளின் எடைதான் அதிகம். தென்னாப்பிரிக்காவில் சாம்சங்கின் பிடி இன்னும் வலு, கான்ட்ராக்டில் ஃபோன் எடுக்கிற பழக்கமும் இங்கே வேறு. சில அறிக்கைகள் மத்திய கிழக்கு, துருக்கி, ஆப்பிரிக்கா மூன்றையும் ஒரே கட்டாகக் கட்டிவிடும். துபாயும் நம் டர்பன் பக்கத்து உம்லாசியும் ஒரே வரியில் வருகிற கணக்கை வைத்து நாம் என்ன சரக்கு எடுக்க முடியும்? நாட்டு வாரியாகப் பிரித்த பக்கம் இல்லையென்றால் அந்த அறிக்கையைப் பொதுஅறிவுக்குப் படித்துவிட்டு வைத்துவிடுங்கள்.

பணக் கணக்கில் நாணயத்தையும் பாருங்கள். எம்டிஎன் குழுமத்தின் 2024 முடிவில் சேவை வருமானம் ராண்டில் பார்த்தால் சரிவு, 'நிலையான நாணய மதிப்பில்', அதாவது மாற்று விகிதம் மாறவில்லை என்று வைத்துப் பார்த்தால் வளர்ச்சி. நைஜீரிய நைராவின் மதிப்பு விழுந்ததுதான் காரணம். இரண்டும் உண்மைதான். இங்கே நடப்பதை அறிய தென்னாப்பிரிக்கப் பிரிவு என்று தனியாகப் போட்டிருக்கும் பக்கத்துக்கு நேராகப் போங்கள்.

வருங்காலம் பற்றிச் சொன்னால்

2011-இல் ஐடிசி ஒரு கணிப்பு வெளியிட்டது: 2015-க்குள் மைக்ரோசாஃப்டின் விண்டோஸ் ஃபோன் 20.9 சதவீதம் பிடித்து ஐஃபோனைத் தாண்டி இரண்டாமிடம் வரும். இன்னொரு ஆய்வு நிறுவனமான கார்ட்னரும் அதே ஆண்டு கிட்டத்தட்ட அதையே சொன்னது, 19.5 சதவீதம். 2015 வந்தபோது அது 3 சதவீதத்தைக்கூட எட்டவில்லை. நோக்கியா மைக்ரோசாஃப்டுடன் சேர்ந்ததால் நோக்கியா வாங்கினவர்களெல்லாம் அப்படியே கூட வருவார்கள் என்று இருவருமே எடுத்துக்கொண்டார்கள். அந்த ஓர் அனுமானம் உடைந்ததும் தசமப்புள்ளி வரை சொன்ன எண்ணும் போய்விட்டது. ஆகவே கணிப்பைப் படிக்கும்போது எண்ணை விட்டுவிட்டு, எதை எடுத்துக்கொண்டு இப்படிச் சொல்கிறார்கள் என்று தேடுங்கள். அனுமானம் நியாயமாகப் பட்டால் கணிப்பையும் கொஞ்சம் மதிக்கலாம். அனுமானமே எழுதப்படவில்லையென்றால் மதிக்க வேண்டியதில்லை.

'ஆண்டுக் கூட்டு வளர்ச்சி' என்று ஒரு சதவீதம் வரும். 100 ஐந்து வருஷத்தில் 150 ஆகும் என்றால் அது வருஷத்துக்கு 10 சதவீதம் இல்லை, சுமார் 8.4 தான், வட்டிக்கு வட்டி மாதிரி ஏறும். பங்கு 10 சதவீதத்திலிருந்து 12 ஆனால் சிலர் '2 புள்ளி ஏறியது' என்பார்கள், சிலர் '20 சதவீத வளர்ச்சி' என்பார்கள். விற்க வருகிறவர் இரண்டாவதைத்தான் சொல்வார்.

'இந்தச் சந்தை 2032-க்குள் இத்தனை நூறு கோடி டாலர் ஆகும், முழு அறிக்கை விலைக்கு' என்று கூகுளில் கொட்டிக் கிடக்கிற பக்கங்களை நான் திறப்பதே இல்லை. எப்படி எண்ணினார்கள் என்று ஒரு வரிகூட அவற்றில் இருக்காது. ஜிஎஸ்எம்ஏ அறிக்கைகள் அந்த ரகம் இல்லை, நன்றாக உழைத்துச் செய்கிறார்கள், இலவசம், படிக்கத்தான் வேண்டும். ஆனால் அது செல் கம்பெனிகளின் சங்கம். வரியைக் குறை, அலைக்கற்றை விலையைக் குறை என்ற பரிந்துரைகள் வருகிற இடத்தில் அதை நினைவில் வையுங்கள். டவர் இல்லாத இடத்தில் வாழ்பவர்கள் வேறு, டவர் இருந்தும் இணையம் பயன்படுத்தாதவர்கள் வேறு என்று அவர்கள் பிரித்துக் காட்டுகிற பகுதி மட்டும் தவறாமல் படியுங்கள். இரண்டாவது கூட்டம்தான் நம் கடை வாடிக்கையாளர். ஃபோன் விலைதான் அவர்களைத் தடுக்கிற பெரிய சுவர்களில் ஒன்று.

எப்போது எதைத் திறப்பது

ஜோகன்னஸ்பர்க் பங்குச் சந்தையில் இருக்கிற கம்பெனிகள் சென்ஸ் என்ற அறிவிப்புச் சேவையில் எல்லா முடிவையும் போட்டாக வேண்டும், யார் வேண்டுமானாலும் படிக்கலாம். எம்டிஎன் மார்ச்சிலும் ஆகஸ்டிலும், வோடகாம் மேயிலும் நவம்பரிலும், டெல்காம் ஜூனிலும் நவம்பரிலும் வரும். பெப் கடைகளின் தாய்க்கம்பெனி பெப்கோர் நவம்பர் கடைசியில் ஆண்டு முடிவைச் சொல்லும். ஃபோன் விற்பனை பற்றி அதில் வருகிற இரண்டு பத்தி நமக்கு முக்கியம், ப்ரீபெய்டு ஃபோன் விற்பதில் அவர்களை மிஞ்ச இங்கே ஆள் இல்லை. தவணையில் ஸ்மார்ட்ஃபோன் கொடுக்கும் அவர்களுடைய ஃபோன்யாம் திட்டம் எவ்வளவு வேகமாக வளர்கிறது என்று பார்த்தாலே ரொக்கத்துக்கு விற்கிற நம் கடையின் போட்டி எங்கிருந்து வருகிறது என்று புரியும்.

இந்த அறிக்கைகளைத் தனித்தனியாகப் படிப்பதைவிட ஒன்றோடு ஒன்று கோர்த்துப் படித்தால் பலன் அதிகம். ஒன்று செய்து காட்டுகிறேன். 2027 டிசம்பர் 31-க்குள் 2ஜி, 3ஜி இரண்டும் முழுதாக நிறுத்தப்பட வேண்டும் என்று 2024-இல் அரசு ஒரு கொள்கை வெளியிட்டது. 2025 ஏப்ரல் 1 முதல் 2,500 ராண்டு வரையுள்ள ஸ்மார்ட்ஃபோன்களுக்கு இருந்த 9 சதவீத ஆடம்பர வரி எடுக்கப்பட்டது. அதே ஆண்டு எம்டிஎன் 4ஜி ஸ்மார்ட்ஃபோனை 99 ராண்டுக்கு, 12 லட்சம் ப்ரீபெய்டு வாடிக்கையாளர்களைக் குறிவைத்துப் படிப்படியாகக் கொடுக்க ஆரம்பித்தது. மூன்றும் ஒரே திசையில் போகின்றன: பட்டன் ஃபோன் வைத்திருப்பவரை 4ஜிக்கு இழுக்கிறார்கள், அதற்காகக் கைக்காசைப் போடவும் தயாராக இருக்கிறார்கள். இதைப் பார்த்த பிறகு 4ஜி இல்லாத ஃபோனை மலிவாகக் கிடைக்கிறது என்று மொத்தமாக எடுப்பது ஆபத்து. 800 ராண்டுக்குக் கீழே ஸ்மார்ட்ஃபோன் விற்று லாபம் பார்ப்பதும் இனி கஷ்டம். ஆனால் முதல் தடவை ஸ்மார்ட்ஃபோன் கையில் எடுக்கிற இத்தனை பேருக்கு மெமரி கார்டு வேண்டும், கவர் வேண்டும், வாட்ஸ்அப் போட்டுக் கொடுக்க ஆள் வேண்டும், ஆறாவது மாதம் உடைந்த திரையை மாற்ற வேண்டும்.

டேட்டா விலையையும் இப்படிக் கோர்க்கலாம். போட்டி ஆணையம் 2019 டிசம்பரில் விசாரணை அறிக்கை வெளியிட்டது, 2020 ஏப்ரலில் வோடகாமின் 30 நாள் 1 ஜிபி 149 ராண்டிலிருந்து 99 ஆனது. விலை இறங்கினால் மக்கள் காணொலி அதிகம் பார்ப்பார்கள், ஸ்டோரேஜும் பேட்டரியும் பெரிதாக வேண்டும் என்பார்கள்.

இதையெல்லாம் படித்துவிட்டுக் கடைசியாக உங்கள் சொந்தக் கணக்கோடு ஒட்டிப் பாருங்கள். பெரிய சாஃப்ட்வேர் எதுவும் வேண்டாம், ஒரு நோட்டு போதும். விற்றதை எல்லாரும் எழுதுகிறார்கள், கேட்டுவிட்டு இல்லையென்று திரும்பிப் போனதை யாரும் எழுதுவதில்லை. அதையும் எழுதுங்கள்: என்ன மாடல், எவ்வளவு விலை வரை கேட்டார், ஏன் வாங்கவில்லை. அரசின் சாசா உதவித்தொகை வருகிற மாத ஆரம்பத்தையும் மாதக் கடைசியையும் தனித்தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள், இரண்டு வாரத்திலும் வருகிற கூட்டம் வேறு. மூன்று மாதம் சேர்ந்ததும் அறிக்கை சொல்வதும் நோட்டு சொல்வதும் எங்கே ஒத்துப்போகிறது என்று பாருங்கள். ஒத்துப்போகிற இடத்தில் துணிந்து சரக்கு எடுக்கலாம். முட்டுகிற இடத்தில் நோட்டு சொல்வதைக் கேளுங்கள், ஆனால் ஒரு மாடலில் ஐந்து ஃபோனுக்கு மேல் எடுக்காமல் அடுத்த காலாண்டு அறிக்கை வரும்வரை பொறுத்துப் பாருங்கள்.